உறை பிரிக்காத பெல்ற்

நான் பயந்தவன் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். டாவோசுக்கு மேலே, குளிர்காலத்தில் தெருவே இல்லாத ஒரு மலை விடுதியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறவன் அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

விடுதியில் சமையல் என் மனைவியின் பொறுப்பு. மற்றதெல்லாம் நான். கொதிகலன், தண்ணீர்க் குழாய், கூரையில் ஏறும் பனி, அத்தோடு வண்டி. வண்டி என்றால் பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்கு அகலமான ரப்பர் பட்டை. இங்குள்ளவர்கள் ஷ்னேடொஃப் என்பார்கள். மார்கழியிலிருந்து சித்திரை வரை பாலும் பாணும் விருந்தாளிகளின் பெட்டிகளும் அதில்தான் மேலே வரும். குப்பையும் அதில்தான் கீழே போகும்.

அந்த வண்டியின் உயிர் ஒரு பெல்ற்றில் இருக்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, பின்பட்டையை இழுக்கிற பக்கம் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றிப் பல்லு வைத்த கறுப்பு ரப்பர் பெல்ற். அது அறுந்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையாது.

நாலு குளிர்காலத்துக்கு முன் பெல்ற் மாற்ற வேண்டி வந்தது. எதை வாங்குவது என்பதை முதலாளி என்னிடம் விட்டார். ஒன்று, வண்டி செய்த கொம்பனியே விற்கிற ஒறிஜினல். மற்றது, அதே வண்டிக்கென்று வேறு கொம்பனிக்காரன் செய்து பாதி விலைக்கு விற்பது. நான் இரண்டு கிழமை இணையத்தில் கிடந்தேன். எங்கெங்கோ குளிர்ப் பிரதேசங்களில் வண்டி ஓடுகிறவர்கள் இதற்காகவே ஆளையாள் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஒறிஜினல் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதே என்றார் ஒருவர். பெயருக்குத்தான் காசு, ரப்பர் எல்லாம் ஒன்றுதான் என்றார் இன்னொருவர். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது.

மகளிடம் சொன்னேன். அவள் பீல் நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு சாமான்களைக் கருவியில் வைத்து அளந்து, சரி பிழை சொல்வதுதான் வேலை.

"அப்பா, கிட்டத்தட்ட அதே அளவு எண்டால் அது அளவில்லை. எங்கடை இடத்திலை அப்பிடி வந்தால் குப்பைக்குள்ளை போடுவம்," என்றாள்.

"இது மணிக்கூடு இல்லைப் பிள்ளை," என்று சிரித்தேன். மற்றதையே வாங்கினேன்.

பொய் சொல்லக்கூடாது, அந்தப் பெல்ற் நன்றாகத்தான் ஓடியது. ஒறிஜினலைவிட ஒரு மயிரிழை ஒடுக்கம். அதற்கேற்றபடி கப்பியின் இடைவெளியைச் சரிசெய்து போட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு முணுமுணுப்பும் இல்லை. அதை நானே செய்த மாதிரிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அது தேய்ந்தபோது அதே பெல்ற்றில் இன்னொன்று வாங்கினேன்.

இதற்கிடையில் ஒரு மார்கழியில் மகள் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்றுக்குள் அதே ஒறிஜினல் பெல்ற். மற்றதற்குள் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கிற எல்.வி.எஸ் கருவி. கையளவுதான் இருக்கும். வாரைத் தோளில் மாட்டி நெஞ்சில் கட்டிக்கொள்ள வேண்டும். புதைந்து கிடப்பவரின் கருவி சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், வெளியில் நிற்பவரின் கருவி அதைக் கேட்டு இடம் காட்டும்.

நல்ல பொருள் கிடைத்தால் எங்கள் வீட்டில் அது உடனே ஓய்வுக்குப் போய்விடும். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற கோப்பைகளில் இன்றுவரை யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை. மனைவியின் புதுப் பிறஷர் குக்கர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை, பழையது விசிலடிக்க மறந்து பல காலம். அதே வழக்கத்தில் நான் ஒறிஜினல் பெல்ற்றை உறையோடு சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டி இருக்கைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் வைத்தேன். கருவியை அறையிலுள்ள மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஆபத்து அந்தரத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மகள் தொலைபேசியில் கேட்பாள். "பெல்ற்றைப் போட்டாச்சோ? கருவியைக் கட்டிறனீங்களோ?"

"ஓம் ஓம், எல்லாம் போட்டாச்சு," என்பேன். அதைப் பொய் என்று நான் எண்ணியதே இல்லை. இரண்டு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் விடுமுறை முடிந்து கீழே போக வேண்டும். விடுதிக்கும் அடிவாரத்து ரயில் நிலையத்துக்கும் நடுவில் வழி ஒரு ஓடையைக் குறுக்கே வெட்டிப் போகும். ஓடைக்கு மேலே செங்குத்தான வெறும் சரிவு, மரம் மட்டை ஒன்றுமில்லை. முதலாளி எனக்கு விதித்த கட்டளைகள் இரண்டு. பத்து மணிக்கு முன், வெயில் சரிவில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் அங்கே நிற்கக்கூடாது. அன்றைய பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து அளவு ஐந்தில் மூன்று என்று போட்டிருந்தது. பனி பெய்து இரண்டு நாள்தான்.

நாங்கள் புறப்படும்போது மணி ஒன்று. மனைவி ஐஸ்கிரீம் பெட்டிகளில் கறிகளை அடைத்து, மூடிக்கு மேல் ஒட்டுநாடா சுற்றி, இன்னும் ஒன்று இன்னும் ஒன்று என்று நேரம் போய்விட்டது. நானும் அவசரப்படுத்தவில்லை.

காலையில் கொட்டகைக்குள் வண்டியைப் பார்த்தபோது பெல்ற்றின் ஓரத்தில் நூல் ஒன்று பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கருகிய ரப்பர் மணமும் இருந்தது. சூடான கொட்டகை, கையில் ஸ்பானர், இருக்கைக்குக் கீழே புது ஒறிஜினல். பத்து நிமிட வேலை. அதை எடுக்க மனம் வரவில்லை. கத்தியால் நூலை வெட்டிவிட்டு, இன்னும் ஒரு நடை தாங்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஓடையின் நட்ட நடுவில் அது அறுந்தது.

துவக்குச் சத்தம் போல ஒரு வெடிப்பு. எஞ்சின் கட்டவிழ்ந்து அலறியது. வண்டி நின்றது. எஞ்சினை நிறுத்தினேன். மேலே பார்த்தேன். சரிவு முழுக்க வெயில். உருண்டைகளாகச் சில பனிக்கட்டிகள் மெதுவாக உருண்டு வந்து வழியோரம் நின்றன.

"இறங்கு. அந்தப் பாறையடிக்கு ஓடு," என்றேன். ஓடைக்கு அப்பால், அறுபது எழுபது அடி தள்ளி, ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. அங்கே நின்றால் தப்பலாம்.

"நீங்கள்?"

"பெல்ற் மாத்திப்போட்டு வாறன்."

"வண்டியை விட்டுட்டு வாங்கோ அப்பா!"

விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு யோசித்தால் அதுதான் சரி. ஆனால் அந்த நேரம் எனக்கு முதலாளியின் வண்டி, அதை நடு ஓடையில் விட்டவன் என்ற பெயர், இதெல்லாம்தான் தலைக்குள் நின்றது. பயம் மனிதனைப் புத்திசாலி ஆக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை அது படு முட்டாள் ஆக்கியது.

பக்கத்து மூடியைத் திறந்தேன். அறுந்த பெல்ற்றின் நூல்கள் கப்பியின் அச்சைச் சுற்றி இறுகிக் கிடந்தன. கையுறையோடு இழுக்க முடியவில்லை. கழற்றினேன். இருக்கையைத் தூக்கி ஒறிஜினலை எடுத்தேன். கயிறு, கயிற்றுக்குள் உறை, உறையின்மேல் கடைக்காரனின் முத்திரை. அது பிரிபடாமல் இருந்தது.

இறங்கிப் பக்கத்திலேயே நின்ற மகள் அதைப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கி, பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்தாள். இரண்டு வருடம் சுருண்டு கிடந்த பெல்ற் அந்தக் குளிரில் விறைத்து, எட்டு மாதிரி முறுகிக்கொண்டு நின்றது. விரிய மறுத்தது. அவள் தன் ஜாக்கெற்றைத் திறந்து அதை வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டாள். நான் நூல்களை வெட்டி வெட்டி எடுத்தேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஊரில் ஷெல் விழுந்த நாட்களில் பதுங்கு குழிக்குள் இருந்திருக்கிறேன். அப்போதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அப்போது எனக்குப் பிள்ளை இல்லை.

"உங்கடை கருவி எங்கை?" என்று கேட்டாள்.

நான் இன்னொரு நூலை வெட்டினேன்.

"அப்பா. எங்கை?"

"லாச்சிக்குள்ளை."

அவள் அழுதாளா என்று தெரியாது, நான் முகத்தைப் பார்க்கவில்லை. தன் நெஞ்சிலிருந்த கருவியைக் கழற்றும் சத்தம் கேட்டது. "ஒண்டு மட்டும் இருந்து எங்களுக்குப் பிரயோசனமில்லை. நீங்கள் புதைஞ்சால் நான் தேடேலாது. ஆனால் பிறகு வாறவையாவது கண்டுபிடிப்பினம்," என்றபடி வாரை என் தலைக்கு மேலால் போட்டு இழுத்துக் கட்டினாள். அவளுடைய அளவுக்கு வைத்த வார் என் நெஞ்சை இறுக்கியது. பெல்ற்றை என் கையில் தந்தாள். அது அவளுடைய சூட்டில் கொஞ்சம் இளகியிருந்தது. அதன்பிறகுதான் பாறையை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் பனி அதிரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் கப்பியைத் திருகி விரித்துப் பெல்ற்றைத் திணித்தேன். முதல் தரம் நழுவியது. இரண்டாம் தரமும் நழுவியது. அப்போது மேலே எங்கோ 'வும்' என்று ஒரு சத்தம் வந்தது. பனிப் படுக்கை உள்ளுக்குள் இறங்குகிற சத்தம் அது. எனக்குச் சிறுநீர் போய்விட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கடவுளைக் கூப்பிடக்கூட நினைவு வரவில்லை. பாறையடியில் அந்தச் சிவப்பு ஜாக்கெற் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நின்றது.

மூன்றாம் தரம் பெல்ற் உட்கார்ந்தது. எஞ்சினை உயிர்ப்பித்ததும் நான் விசையைத் தொடுமுன்னமே வண்டி தானாக முன்னுக்கு இழுத்தது. மற்றப் பெல்ற்றுக்கென்று நான் வைத்த இடைவெளி இந்த அகலத்துக்குப் பொருந்தவில்லை. கிட்டத்தட்ட என்பது அளவில்லை என்று அவள் சொன்னது அப்போதுதான் விளங்கியது. ஓடும் வண்டியில் தாவி ஏறி, வழுக்கி, எப்படியோ பாறையடிக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் பின்னால் ஏறினாள். கீழே போகும்வரை என் இடுப்பைப் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை.

சரிவு அன்றைக்கு விழவில்லை. அந்தக் கிழமை முழுக்க விழவில்லை. அதனால் என் பயம் குறையவும் இல்லை.

நிலையத்தில் கருவியைக் கழற்றப் போனேன். மகள் கையைத் தட்டிவிட்டாள்.

"கிடக்கட்டும். மேலை போய் உங்கடையைக் கட்டிப்போட்டு, பிறகு என்ரையை அனுப்புங்கோ." கறிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினாள். யன்னலால் கை காட்டவில்லை.

அன்று நான் திரும்பவில்லை. அடிவாரத்தில் தெரிந்த ஒருவரின் அறையில் தங்கி, இடைவெளியையும் சரிசெய்து, காலையில் பனி இறுகிய பிறகு ஏறினேன். ஓடையைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை மறுகரையில்தான் உணர்ந்தேன். மனைவியிடம் நடந்ததைச் சொல்லாமல் நேரே அறைக்குப் போய் லாச்சியைத் திறந்தேன்.

பெட்டிக்குள் கருவி, வாரோடு. வாரைத் தோளில் போட்டுப் பார்த்தேன். என் தொப்பைக்கும் தடித்த ஜாக்கெற்றுக்கும் அச்சொட்டாக இருந்தது. நான் கட்டியதே இல்லை. ஆகவே பரிசாகத் தருமுன் அவளே என் பழைய ஜாக்கெற் ஒன்றை எடுத்து அளந்து வைத்திருக்கிறாள். பற்றரிகளையும் அவளே போட்டிருந்தாள். நான் ஆளியை ‘ஒன்’ பக்கம் திருப்பினால் போதும். திருப்பினேன். வெளிச்சம் வரவில்லை. பின்மூடியைத் திறந்தேன். பற்றரிகள் ஒழுகி, உள்ளே எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, தகடுகள் அரித்துப்போயிருந்தன.

மதிய இடைவேளையில் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"எடுத்துக் கட்டினீங்களோ?"

ஓம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அந்தச் சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது.

"இல்லைப் பிள்ளை. வைச்ச இடத்திலையே பழுதாப் போச்சு," என்றேன்.

தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலால் அவள் குரல் வந்தது.

"அப்ப என்ரையைக் கழட்டாதேங்கோ."