அலுமாரிக்குள் இருந்த மெசின்

யோகம்மாவின் மோதிர விரல் மடங்கி, நிமிராமல் நிற்க வேண்டும் என்று நயினாதீவு அம்மனுக்குச் சத்தியபாமா நேர்த்தி வைத்தாள். நடந்தால் வெள்ளியில் ஒரு விரல் செய்து போடுவதாகவும் சொன்னாள். ஊரில் மற்றவர்கள் கை கால் சுகப்பட வேண்டும் என்றுதான் வெள்ளிக் கையும் வெள்ளிக் காலும் நேருவார்கள். இவள் கேட்டது வேறு. அம்மன் என்ன நினைத்தாளோ தெரியாது, சத்தியபாமாவுக்கு அதில் ஒரு துளி வெட்கமும் இருக்கவில்லை.

யோகம்மா அவளுடைய புருஷன் வாகீசனின் அக்கா. புங்குடுதீவுக் குறிகட்டுவானில், பஸ் வந்து திரும்புகிற இடத்தில் சைவச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு பார்த்து நிற்கிற சனம் அவளிடம்தான் இடியப்பம் சாப்பிடும். சும்மா சொல்லக்கூடாது, அந்த இடியப்பத்துக்கு ஒரு பேர் இருந்தது. பேர் யோகம்மாவுக்கு, பிழிகிற வேலை சத்தியபாமாவுக்கு. கல்யாணம் முடித்துப் புங்குடுதீவுக்கு வந்த வருஷமே மச்சாள் இடியப்பம் பிழிகிற மர உரலைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

யோகம்மா மாவை இறுக்கமாகத்தான் குழைப்பாள். தண்ணீர் கொஞ்சம் கூடினால் இடியப்பம் சவசவத்துப் போகும், கடைப் பேர் கெட்டுவிடும் என்பாள். அந்த மாவை மர உரலில் அடைத்து, இரண்டு பக்கப் பிடியையும் பொத்திப் பிடித்து அமத்தினால் தோள்வரை விண்ணென்று வலிக்கும். கனடாவில் இருக்கிற யோகம்மாவின் மகன் அனோஜன் இதைக் கேள்விப்பட்டுப் பளபளவென்று ஒரு இடியப்ப மெசின் அனுப்பினான். மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றினால் மா தன்பாட்டில் இறங்கும். யோகம்மா அதை உறை கழற்றாமல் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், "மகன் அனுப்பினது" என்று காட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் அதற்குத் தூசி தட்டுவது சத்தியபாமா. தட்டிவிட்டு வந்து மர உரலைப் பிடிப்பாள். எப்படி இருந்திருக்கும் அவளுக்கு?

ஒரு நாள் விடியற்காலை சத்தியபாமாவின் மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. மற்றக் கையால் நிமிர்த்தினால் 'டிக்' என்று துள்ளி நிமிரும், உள்ளங்கைக்குள் ஊசி ஏற்றினதுபோல நோகும். கொஞ்ச நாள் கடித்துப் பிடித்துக்கொண்டு பிழிந்தாள். பிறகு ஒரு காலை, கடை நிறையச் சனம் இருக்கும்போது, விரல் உரலோடு சிக்கி நிற்க, "மச்சாள், எனக்கு ஏலாது" என்றாள்.

"ஏலாதோ? இஞ்சை பாருங்கோ சனங்களே, இவவின்ர நடிப்பை!" என்று யோகம்மா தன் விரலைக் கொக்கிபோல வளைத்துக் காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டாளா? "இது வெறும் சுளுக்கு, நான் எடுத்துவிடுறன்" என்று வந்து, விரலைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தாள். சத்தியபாமா போட்ட சத்தம் படகுத் துறைவரை கேட்டது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். யோகம்மா மட்டும், "வேலைக்கள்ளி" என்றுவிட்டுச் சொதி ஊற்றப் போய்விட்டாள்.

வேலணையில் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். பொறுமையாகச் சொன்னாள்.

"விரலை மடக்கிற நாண் ஒரு சின்னக் குழாய்க்குள்ளாலை ஓடுது அம்மா. நெடுக இறுக்கிப் பிடிச்சு வேலை செய்தால் தடிச்சு உள்ளுக்குச் சிக்கும். சீனி வருத்தம் இருந்தால் இன்னும் கெதியாய் வரும். தைரொயிட் இருந்தாலும் வரலாம். அம்பதை அண்டின பொம்பிளையளுக்குத்தான் கூட. உங்களுக்கு எல்லாம் சேர்ந்துபோச்சு. ஆரும் பிடிச்சு இழுக்க மட்டும் விடாதேங்கோ."

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி விரலை நிமிர்த்தினார்கள். கட்டோடு படுத்திருக்கையில் டொக்டர் சொன்னதெல்லாம் சத்தியபாமாவின் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. சீனி: யோகம்மாவுக்கும் இருக்கிறது. தைரொயிட்: அவளும் விடிய வெறுவயிற்றில் குளிசை போடுகிறாள். வயது: ஒரு படி கூட. அவளுக்கு இல்லாதது உரல் ஒன்றுதான். அன்றைக்குத்தான் அம்மனுக்கு நேர்ந்தாள்.

கட்டு அவிழ்த்ததும் கடைக்குப் போய் உரலை எடுத்து மச்சாளின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"உரலாலைதான் வந்ததெண்டு டொக்டர் சொன்னவ. இனி நீங்களே பிழியுங்கோ."

"சீனி வருத்தக்காறி நீர். என்ர உரலிலை பழி போடாதேயும்!" என்று யோகம்மா கத்தினாள்.

சத்தியபாமா திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். சனத்துக்கு முன்னால் இழுத்தவள், அதே சனத்துக்கு முன்னால் தன் வாயாலேயே உரல்தான் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த இறுகின மாவைப் பிழிய வந்தவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. மெசினை எடுக்கவும் யோகம்மாவுக்கு மனம் வரவில்லை, மா ஒட்டி மினுக்கம் போய்விடுமாம். யோகம்மாவே பிழிந்தாள். சத்தியபாமா பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் கடைப்பக்கம் ஒரு கண் வைப்பாள். மாசிமட்டில் யோகம்மா கையை உதறத் தொடங்கியிருந்தாள். சித்திரையில் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் நீட்டினாள். சத்தியபாமா யாழ்ப்பாணம் போய், தட்டாரிடம் வெள்ளி விரலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனித் திருவிழாவுக்கு அனோஜன் கனடாவிலிருந்து வந்து நின்றான். அன்று குறிகட்டுவானில் கால் வைக்க இடமில்லை. சத்தியபாமா பட்டுச் சீலை கட்டி, கைப்பையோடு கடைக்குள் போய், நடு மேசையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இடியப்பம் ஒரு தட்டு. சுடச்சுட வேணும்."

"மாமி! ஏன் சாப்பிட இருக்கிறியள், நீங்கள் பிழியேல்லையோ?" என்று அனோஜன் கேட்டான்.

"உங்கடை அம்மா இருக்கிறா, தம்பி."

யோகம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உரலை அமத்தினாள். ஒரு தட்டு வந்தது. சத்தியபாமா சாப்பிட்டு, இன்னொன்று கேட்டாள். பிறகும் கேட்டாள். அந்தத் தட்டுக்குப் பாதி பிழியும்போது உரல் நிலத்தில் விழுந்தது. யோகம்மாவின் மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றது. அவள் விழிபிதுங்கி நின்றாள்.

"என்னம்மா இது? மெசின் எங்கை? அதாலைதான் பிழியிறம் எண்டு ஃபோனிலை சொன்னீங்களே!" என்றான் மகன்.

சத்தியபாமா எழுந்துபோய் அந்த விரலைப் பிடித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இழுவைதான், இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

"நடிப்போ மச்சாள்?"

"இல்லை."

"என்னாலை வந்தது?"

"உரலாலை."

"சனத்துக்குக் கேக்கேல்லை."

"உரலாலை! அவவுக்கும் உரலாலைதான் வந்தது!" யோகம்மா அழுதாள்.

சத்தியபாமா விரலை விட்டாள். பாவம் என்று ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை, மனதிலும் வரவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

"தம்பி, அம்மாவை வேலணை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒருத்தரும் பிடிச்சு இழுக்கக் கூடாது. போக முன்னம் அந்த அலுமாரியைத் திறந்து மெசினை எடுத்து மேசையிலை பூட்டுங்கோ. என்ர தட்டு இன்னும் நிரம்பேல்லை."

அவன் உறையைக் கிழித்து, மெசினைப் பூட்டி, தானே சுற்றினான். அவள் ஆறுதலாகச் சாப்பிட்டுக் கை கழுவினாள். அடுத்த படகில் நயினாதீவுக்குப் போய், கைப்பையில் இருந்த வெள்ளி விரலை எடுத்து உண்டியலில் போட்டாள். கை கூசவில்லை.