மருதாயியின் கீழ் இமை

சுவரைத் தின்கிற பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? போன மாதத் தொடக்கத்தில் நான் பார்த்தேன். ஆபீஸ் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் மருதாயி.

இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க். மருதாயி அங்கே கொழுந்து பறிப்பவள். இருபத்தேழு வயது, மூன்று பிள்ளைகள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கடைசியாக வருகிறவள் அவள்தான்.

"என்ன கருமம் இது?" என்றேன்.

"தெரியலைங்க ஐயா... மண்ணு, சுண்ணாம்பைக் கண்டா நாக்கு ஊறுது."

"அதுக்குத்தான் லேட்டா வர்றியா?"

"மலை ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. உக்காந்து உக்காந்துதான் வர்றேன்."

"சோம்பேறி!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்தார்கள்.

நாலாம் நாள் மலையில் கூடையோடு மயங்கி விழுந்தாள். அவளையும் புருஷன் முத்தையாவையும் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்து எனக்கும் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம்... வெள்ளைக் காகிதம்! நாக்கும் நகமும்கூட அப்படியே.

"கடுமையான ரத்த சோகை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கும். மாசக்கணக்கா களைப்பு, மூச்சிரைப்பு, மண் தின்னுற ஆசை எல்லாம் இருந்திருக்குமே... ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

முத்தையா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் கொக்கிப் புழு — வெறுங்காலில் நடப்பவர்களின் பாதம் வழியாக ஏறி, குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சுமாம். அடுத்தடுத்து மூன்று பிரசவம் வேறு. புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கூடவே ஓர் உத்தரவு: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பாட்டிலுள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாதாம். ஊருக்கெல்லாம் தேயிலை பறிக்கிறவளுக்கு இந்த உத்தரவு!

மறுநாள் பெரட்டில் தோட்டத்து டிஸ்பென்சரிக்காரரை நிறுத்தி, பெண்களின் இமைகளைப் பார்க்கச் சொன்னேன். முதல் சிவப்பைக் காண ஐந்தாவது ஆள் வரை போகவேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக இவர்களுடைய பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்... முகத்தைப் பார்த்ததே இல்லையா?

மருதாயி பிழைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பியவளிடம், அதே கூட்டத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க ஐயா," என்றாள். "எனக்குச் சோம்பேறித்தனம்னு நானே நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்."