யேரோச் செடிக்கு நடுவே ஒரு பாதை

முடிவெட்டும் கடை வைத்திருப்பவர் ஊர்க்கதை பேசியே ஆக வேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. இவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். தெரு அவருக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கைவேலை மட்டும் சுத்தம். ஆனாலும் கத்தி கத்திதானே, எப்போதாவது யார் தாடையையாவது கீறிவிடும். அதற்காகவே கண்ணாடிக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் யேரோ என்ற மருந்துச்செடியின் இலை வைத்திருப்பார். கசக்கி வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும்.

செடி மூத்த தாரம் வைத்தது. எங்கிருந்தோ ஒரு வேர்த்துண்டு வாங்கி வந்து கொல்லையில் ஊன்றினாள். இறகைப்போலப் பொடிப்பொடியாக இலை, தட்டையாகக் குடைவிரித்த வெள்ளைப் பூ, கிட்டப் போனால் மருந்து வாசம். கடைக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத்தான் அது உதவியது. கொல்லையில் துணி துவைக்கும் கல்தொட்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஈரத்துணியோடு கயிற்றடிக்குப் போகும்போதெல்லாம் அதில் இடுப்பை இடித்துக்கொள்வாள். இலையை அரைத்துப் பூசியபடி, அந்தச் சனியனை எடுத்துப் போடுங்கள் என்பாள். பார்க்கலாம் என்பார் இவர். பார்க்கவே இல்லை. காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொட்டியை உடைத்து வண்டியில் ஏற்றினார். இதை முன்னாடியே செய்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க அழுதார்.

பிறகு இளையவள் வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், கலகலவென்று பேசுகிறவள். மறுபடியும் ஒரு வாழ்க்கை கிடைத்திருக்கிறது, இதையும் கோட்டைவிட்டுவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூர உதறல். அவள் வருமுன் மூத்தவளின் துணிமணி, சீப்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார். தொட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை. செடியையும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டி மண்ணோடு மண்ணாக்கினார்.

அங்கேதான் தப்பு செய்தார். கத்தி பிடித்த கைக்கு வெட்டினால் தீர்ந்தது என்றுதான் தெரியும். யேரோ வேரில் விரல் நீளத் துண்டு மண்ணில் கிடந்தாலும் போதும், அது ஒரு செடியாக எழுந்துவிடும். ஒரு மூலையில் இருந்தது அடுத்த மழைக்குக் கொல்லை முழுக்கப் பரவிவிட்டது.

நடுவே ஒரு பாதை விழுந்திருந்தது. சமையலறைக் கதவிலிருந்து கயிற்றடி வரை மிதிபட்டுப் படிந்த இலை. நேராகப் போக வேண்டியதுதானே? தொட்டி இருந்த இடத்தை வளைந்து சுற்றிக்கொண்டு போனது. அந்த இடத்திலும் செடி முளைத்திருந்தது, ஆனால் ஒரு காலடிகூடப் படாமல் நிமிர்ந்து நின்றது. குறுக்கே நேராக நடந்து நடந்து அந்த வளைவை அழிக்கப் பார்த்தார். மிதித்த இலை மறுநாளே தலைதூக்கியது. வளைவு அப்படியே இருந்தது.

ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து பின்கதவில் நின்றார். இளையவள் துணி வாளியோடு போனாள். வளைவு வந்ததும் உடம்பை ஒடுக்கினாள். ஒரு கையை எதன்மேலோ ஊன்றுகிறவள்போல நீட்டித் திரும்பினாள். அங்கே ஊன்ற ஒன்றுமில்லை.

“ஏன் சுத்திப் போற?” என்று கேட்டார்.

“எங்க சுத்திப் போறேன்? எப்பவும் போற வழிதானே.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாதை என்று ஒன்று இருந்தால் யார் காலும் அதிலேதான் போகும், இதற்குப் போய்ப் பயந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

அவள் ஒரு பிடி யேரோ இலையைப் பறித்து வந்து அரைக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டார். இடது இடுப்பைக் காட்டினாள். கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது.

“எதுல இடிச்ச?”

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. “அந்தச் சனியனை எடுத்துப் போடுங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?”

இளையவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இவளையும் இழந்துவிட முடியாது.

“இப்பவே எடுத்துடறேன்மா” என்றார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மிதிபடாத செடிகளுக்கு முன்னால் நின்று, பலங்கொண்ட மட்டும் ஓங்கி இறக்கினார். கடப்பாரை மண்வரை போகவில்லை. அவர் இடுப்பு உயரத்திலேயே, அந்தரத்தில், ணங்கென்று கல்லில் மோதி நின்றது.