நாளைக்குக் காய்ச்சல்

பின்னேர வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பது நல்ல தொழில்தான்; பிள்ளைகள் வராத நாட்களில்தான் கொஞ்சம் பயமாக இருக்கும். டியூஷன் எடுத்துத் தொண்டை கிழிந்த சக ஜீவன்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஜன்னலில் சப்பாத்துகள்

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எங்கள் வகுப்பு. ஜன்னல்கள் கூரையோடு ஒட்டி இருப்பதால், தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். சப்பாத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளை வருகிறது என்று சொல்லிவிடுவேன். வாடகை, ஹீட்டர், என் சம்பளம் எல்லாம் மத்திய அரசின் மானியம். தவணைப் பரீட்சையில் வகுப்பின் சராசரி இறங்கினால் மானியம் நின்றுவிடும், கதவைச் சாத்த வேண்டியதுதான். எங்கள் ஒரே அறையில் ஒவ்வொரு மேசையும் ஒரு வகுப்பு; பிள்ளைகளுக்கும் அந்தப் பரீட்சையை எழுதினால்தான் அடுத்த மேசையில் இடம்.

நான் சேர்ந்த அன்று, வகுப்பை நடத்தும் பரமேஸ் அண்ணை தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பிள்ளை விழுந்தால் தூக்கலாம், டீச்சர். சராசரி விழுந்தால் தூக்கேலாது."

ஃபோனில் வரும் காய்ச்சல்

பரீட்சைக்கு முதல்நாள், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கு அண்ணை ஃபோன் எடுப்பார். "பிள்ளையின்ரை முகம் வாடிக் கிடந்தது, காய்ச்சல் குணம் போலை. நாளைக்கு வீட்டிலை வைச்சிருங்கோ." வராத பிள்ளை சராசரியில் சேராது. பெற்றோரும் நன்றி சொல்லி ஃபோனை வைப்பார்கள். நான் சண்டை பிடித்துப் பார்த்தேன். "அப்ப எல்லாப் பிள்ளையளையும் தெருவிலை விடுவமோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

தாரணி யாழ்ப்பாணத்திலிருந்து போன வருடம் வந்தவள். எழுத்தை விரலால் தடவித் தடவி வாசிப்பாள். இலையுதிர்காலத் தவணையில் அவள் வீட்டுக்கும் ஃபோன் போனது. கூடச் சேர்ந்தவர்கள் மேசை மாறிவிட்டார்கள். அவள் மட்டும் சின்னஞ்சிறுசுகளின் மேசையில் முழங்கால் இடிக்க இருந்தாள். குளிர்காலப் பரீட்சைக்கு முதல்நாள் அண்ணை இன்னும் ஃபோனைத் தொடவே இல்லை. அவள் பையைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "டீச்சர், எனக்கு நாளைக்குக் காய்ச்சல்."

பொன்ஜூர், தாரணி

எங்கள் பரீட்சை டேப்லெட்டில். நேரம் வந்ததும் அது தானாக விழித்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அன்று எல்லாரும் எழுதத் தொடங்கிய பிறகு, வெறும் கதிரைக்கு முன்னால் இருந்த டேப்லெட் ஒளிர்ந்தது. "பொன்ஜூர், தாரணி." யாரும் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒன்றுபோல ஜன்னலைப் பார்த்தார்கள். தாரணியின் சிவப்புப் பனிச் சப்பாத்து இரண்டும் எங்களைப் பார்த்தபடி நின்றன. படியேறி ஓடினேன். ஒருவரும் இல்லை, பனியில் தடமும் இல்லை. காற்று பனியை அள்ளித் தடத்தை மூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டேப்லெட்டைத் துடைத்து அலுமாரியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அவளின்ரை பேரை எடுத்துவிடச் சொல்லுறன். பிறகு அது கூப்பிடாது."

அம்மா வந்தார்

தாரணியின் அம்மா வசந்திக்கு செயின்ட்-லோரனில் ஒரு மருந்துக் கம்பனியில் வேலை. மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் இருந்தார்.

"முதல்தரம் அண்ணை ஃபோனிலை சொன்னார் எண்டு வீட்டிலை வைச்சிருந்தன், பிள்ளைக்கு ஒண்டுமில்லை," என்றார். "இந்தமுறை உண்மையாவே கொதிச்சுது. பரீட்சை முடியுற நேரம் காய்ச்சல் விட்டிட்டுது. நான் பக்கத்திலையேதான் இருந்தனான். அவள் கட்டிலை விட்டு எழும்பேல்லை."

பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "ஆனா டீச்சர், வாசலடியிலை அவளின்ரை சப்பாத்து நனைஞ்சு கிடந்தது."

தாரணி வந்த நாள்

வசந்தகாலத் தவணைக்கும் அண்ணை ஃபோன் எடுத்தார். வசந்தி "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு, மறுநாள் மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டுப் போனார். குளிர்காலம் முழுக்க நானும் அவளும் வாசித்த வாசிப்புக்கு, அவள் விரல் இப்போது எழுத்தைவிட்டு எழும்பியிருந்தது. அவளுக்கு முன்னால் டேப்லெட்டை நானே கொண்டுவந்து வைத்தேன்.

டேப்லெட்டுகள் ஒவ்வொன்றாக விழித்துப் பெயர் சொல்லின. அவளுடையது இருட்டாகவே கிடந்தது. நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், பட்டியலில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மடியில் கையை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்த தாரணி, கடைசியில் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தாள். எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் வெளியிலை நிண்டால்தான் அது கூப்பிடும், டீச்சர்."

இந்த வருடமும் எங்கள் சராசரி ஏறியிருக்கிறது, மானியமும் தொடர்கிறது. வராத பிள்ளைகள் ஒருவர்கூட ஒரு பிழையும் விடவில்லை.