காலுறைக்குள் இருந்த வட்டு

சாண்டிரு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனியாசாக் களியைப் பிய்த்துக் கீரையில் தொட்டு நின்றபடியே தின்பாள். ஒரு கால் எப்போதும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். எங்கள் லுக்பாரா மொழியில் அவள் பெயருக்குத் துன்பத்தில் பிறந்தவள் என்று பொருள். ஊரே எல்லை தாண்டி ஓடிய காலத்தில் பிறந்தவள். "வழியில பெத்துப் போட்டாங்க, அதான் இன்னும் வழியிலேயே கிடக்கா" என்பான் அவள் கணவன் ஒண்டோகா.

எங்கள் ஊர் ஆருவாவில் ஓர் இன்டர்நெட் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கணினிகளை ஓட்டும் எக்ஸ்பி மென்பொருளை இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோம், ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர மாட்டோம் என்று அதைச் செய்த கம்பெனி கைகழுவிய வருஷம், கடை முதலாளி கணினிகளை மொத்தமாகப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டார். வாங்கியவன் ஒண்டோகா. சாண்டிரு மறுநாளே அவன் கடைக்குப் போய், உடைத்துப் போட்ட குவியலிலிருந்து நல்ல பலகைகளைப் பொறுக்கினாள். அவன் விலை ஏற்றினான், இவள் சண்டை போட்டாள். அந்தச் சண்டை முடியாமலே கல்யாணத்தில் வந்து நின்றது. ஃபெனி என்று ஒரு மகளும் பிறந்தாள். அவன் துபாயிலிருந்து வரும் புதுசு மாதிரியான பழைய மடிக்கணினிகளை விற்றான். இவள், எல்லோரும் செத்துப்போனதாகச் சொன்னவற்றுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

புதுசு வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிச் சட்டைகளில் சின்னம் தைக்கும் கடையில் அந்தத் தையல் மெஷின் எக்ஸ்பி சொன்னால்தான் ஊசியை இறக்கும். மோயோவில் வானொலி நிலையத்தின் பாட்டுப்பெட்டியும் அப்படித்தான். எங்கள் மருத்துவமனையின் எக்ஸ்ரேவும் அப்படியே. நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். படத்தைப் படித்துத் திரைக்குக் கொண்டுவரும் அட்டை அந்தப் பழைய கணினிக்குள்தான் பொருந்தும். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. கணினியை மாற்ற வேண்டுமானால் எக்ஸ்ரேவையே மாற்ற வேண்டும். அந்த விலைக்கு இன்னொரு மருத்துவமனையே கட்டலாம்.

சாண்டிரு எங்கள் கணினியின் இணையக் கம்பியை முதல் நாளே பிடுங்கி எறிந்தாள். பென்டிரைவ் செருகும் வாய்களை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தாள். ஒரு வாய் மட்டும் திறந்திருக்கும், அதில் அவள் பென்டிரைவ் மட்டுமே போகும். சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். ஒருமுறை மாமனார் சாவு வீட்டிலிருந்து பாதியில் எழுந்து, முழங்கால் மண்ணோடு வந்து நின்றாள். எதுவும் பழுதில்லை. மனசு கேட்கவில்லையாம்.

அப்போதுதான் டாக்டர் நபுகீரா கம்பாலாவிலிருந்து மாற்றலாகி வந்தார். கடினமான எலும்பு முறிவென்றால் திரையைப் போனில் படம் பிடித்துக் கம்பாலாவிலுள்ள நிபுணருக்கு அனுப்புவோம். மங்கலாகத்தான் விழும். ஒரு மீன்காரியின் முதுகுப் படத்தைப் பார்த்த நிபுணர், சந்தேகமாக இருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்றார். அவள் பஸ்ஸின் தரையில் படுத்துக்கொண்டே கம்பாலா போய்ச் சேர்ந்தாள். அங்கே போனால் முறிவே இல்லை. திரும்பி வந்தவள் எங்களைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் சாண்டிருவை வரவழைத்து, இந்தக் கணினியை இணையத்தில் சேர்க்க வேண்டும், நிஜப் படம் நேராகப் போக வேண்டும் என்றார். முடியாது என்றாள் சாண்டிரு.

"வெளிக் கம்பிய மாட்டினா இது தாங்காது டாக்டர். இதுல இருக்கிற ஓட்டையெல்லாம் திருடனுக்குத் தெரியும். அடைக்கத்தான் ஆளில்ல."

"நீங்க பயப்படுறது புரியுது. ஆனா உங்க பயத்துக்கு விலை குடுக்கிறது என் நோயாளிங்க. வேற வழி சொல்லுங்க."

சாண்டிருவிடம் வழி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். அடுத்த சில வாரங்கள் வந்து வந்து போனாள். டாக்டர் இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. வழக்கத்தைவிடவும் நிலைகொள்ளாமல் இருந்தாள். பேச்சை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டுப் போவாள்.

அவள் மோயோ வானொலிக்குப் போயிருந்த ஒரு காலையில் எங்கள் கணினி 'டக், டக்' என்றது. பிறகு திரை கறுப்பானது. அணைத்துப் போட்டேன், மறுபடி போட்டேன். உள்ளே எதுவோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி சத்தம் மட்டும் வந்தது. எக்ஸ்ரே மேஜையில் கொத்தனார் அலியோனி கிடந்தார். சுவர் சரிந்து இடுப்பில் விழுந்திருந்தது. வேதனையில் உதட்டைக் கடித்துக்கொண்டே, "என்னப்பா, உன் பெட்டிக்கும் இடுப்பு போச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாண்டிருவுக்குப் போன் போட்டேன். கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டு போய்விட்டது, பதில் வட்டு வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்றாள். சாவி? சாவி அவள் கழுத்தில், மோயோவில். அங்கேயே இணைப்பு அறுந்தது.

ஓடிப்போய் ஒண்டோகாவிடம் சொன்னேன். அவன் என்னோடு வீட்டுக்கு வந்தான். கடப்பாரையை எடுத்துப் பூட்டை நெம்பிவிட்டான். உள்ளே பார்த்தால் ஒரே மாதிரி வட்டுகள், எதிலும் எழுத்து இல்லை. நகப்பூச்சுப் பொட்டு மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். அவள் தலைக்குள் இருந்த கணக்கு அது. வேறு யாரிடமும் சொன்னதில்லை. மறுபடி லைன் கிடைத்தபோது சிவப்பு என்றாள். சிவப்புப் பொட்டோடு ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தோம்.

ஒண்டோகா பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். கணினி எழுந்தது. எனக்கு உயிர் வந்தது. அலியோனியை மெதுவாக நிமிர்த்திப் படம் எடுத்தேன். திரை முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெள்ளை. எலும்பும் இல்லை, மனிதனும் இல்லை.

சாண்டிரு அதற்குள் பஸ் ஏறியிருந்தாள். போனை ஒண்டோகா வாங்கினான்.

"ஃபெனி அம்மா, வெள்ளையா வருது."

"அது பழசு. அதுக்கப்புறம் படத்தோட அளவெல்லாம் மாத்தினேன். இன்னொரு சிவப்ப எடு. பெட்டி அடியில, ஃபெனியோட காலுறைக்குள்ள சுத்தி வெச்சிருக்கேன்."

"எந்தக் காலுறை?"

"அவ தொலைச்சிட்டான்னு நீ திட்டினியே, அது."

ஒண்டோகா போனை என் கையில் திணித்தான். பிறகு வீட்டுக்கு ஓடினான்.

யும்பே தாண்டி பஸ் நின்றுவிட்டது, டயர் வெடிப்பு. மற்றவர்கள் மரநிழலில் பாய் விரித்தார்கள். சாண்டிரு ரோட்டிலேயே நடக்க ஆரம்பித்தாளாம். டயர் மாற்றியதும் பஸ் உன்னைத் தாண்டித்தானே போகும், ஏறிக்கொள்ளலாமே என்று நடத்துனர் கூப்பிட்டிருக்கிறார். நிற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தவள், எதிரே வந்த ஒரு போடாபோடா வாடகை மோட்டார் சைக்கிளைத் திருப்பி ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் போனைக் காதில் வைத்திருந்தாள். காற்றிரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செம்மண் முகமாக அவள் உள்ளே வந்தபோது பிற்பகல். ஒண்டோகா மந்தாசிப் பணியாரம் தின்றுகொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். திரையில் அலியோனியின் இடுப்பெலும்பு, மெல்லிய கோடாக ஒரு விரிசலோடு, தெளிவாக நின்றது.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தாள், வட்டைத் தொட்டுப் பார்த்தாள், திருகாணிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒண்டோகாவிடம் கோபமாகத் திரும்பினாள்.

"யாரு உன்னப் பூட்ட உடைக்கச் சொன்னது?"

"நீ செத்துப்போனா இதெல்லாம் யாரு பாக்கிறது, ஃபெனி அம்மா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. சாண்டிரு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது டாக்டர் நபுகீரா வாசலில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் கையக் கட்டிட்டு நிக்க வேண்டியதாப் போச்சு" என்றார் டாக்டர். குற்றம் சொல்கிற குரல் அல்ல. களைத்துப்போன குரல்.

"என் கூடவே இதுவும் போயிடும்னு இப்பத்தான் உறைச்சுது டாக்டர். எல்லாத்தையும் நானே பிடிச்சு வெச்சிருந்தேன்." பிறகு, அவசர அவசரமாக, எங்கே மனசு மாறிவிடுமோ என்பதுபோல், "நீங்க கேட்ட வழி ஒண்ணு இருக்கு. வர்றப்ப வண்டியில யோசிச்சேன். வேலை செய்யுமான்னு தெரியாது" என்றாள்.

ஒண்டோகா கடையில் விலைபோகாமல் கிடந்த ஒரு மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டாள். அதற்கும் எங்கள் கிழட்டுக் கணினிக்கும் நடுவே தனியாக ஒரு கம்பி. கிழடு படத்தை அதனிடம் தரும். அதனிடமிருந்து எதையும் வாங்காது. வெளி உலகத்தோடு பேசுவது மடிக்கணினியின் பாடு. முதல் முயற்சியில் படம் பாதி வந்து நின்றது. இரண்டாவதில் தலைகீழாக வந்தது, டாக்டரே சிரித்துவிட்டார். ஒருவழியாக அலியோனியின் விரிசல் முழுசாகக் கம்பாலா போனது. படுத்தே இருக்கட்டும், அறுவை வேண்டாம் என்று பதில் வந்தது. கொத்தனார் மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்து மனைவியைப் பாடாய்ப் படுத்தி, பிறகு தடியூன்றி எழுந்தார்.

நகப்பூச்சு போய், வட்டுகளின் மேல் ஒட்டுத் துணியில் எழுத்து வந்தது. எந்த வட்டு எங்கே, எப்படி மாட்டுவது என்று எனக்கும் ஒண்டோகாவுக்கும் சொல்லித் தந்தாள். நல்ல ஆசிரியை என்று சொல்ல மாட்டேன். நான் திருகாணியைத் தேடுவதற்குள் கையிலிருந்து பிடுங்கி அவளே மாட்டிவிடுவாள். ஒண்டோகா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் பண்ணட்டும், விடு" என்பான்.

இப்போது ஒண்டோகா விற்ற மடிக்கணினிகளையே கம்பெனி கைவிட்டாயிற்று. வாங்கியவர்கள் திரையில் வரும் எச்சரிக்கையைக் காட்டிக் கடை வாசலில் நிற்கிறார்கள். அவன் விற்பதைக் குறைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து அவற்றில் லினக்ஸ் போட்டுத் தருகிறான். யார் சொல்வது சரி என்று கடைக்குள் இருவருக்கும் நாள் பூராவும் தகராறு.

போன வாரம் சாண்டிரு நெப்பியில் பஞ்சு ஆலையின் எடைக் கணினியைப் பார்க்கப் போயிருந்தாள். நான் ஒரு குழந்தையின் கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணினியின் விசிறி சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

"போன அது பக்கத்துல வெய்யி எசாட்டி, நானே கேக்குறேன்."

போனைக் கணினியோடு ஒட்டி வைத்தேன். குழந்தையின் அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.