சக்கரத்துக்கடியில் ஒரு செங்கல்

போன மாதம் எங்கள் தெரு செல்வியின் சின்ன மகள் இறந்துபோனாள். வாசல் சரிவில் நிறுத்தியிருந்த அவர்களுடைய கார், ஆளில்லாமலே பின்னால் உருண்டுவந்தது. குழந்தை கீழே விளையாடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை எதிர்வீட்டுக்காரரும் தன் காரை வாசல் சரிவில் நிறுத்தினார். அவருடைய பேத்தி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"சக்கரத்துக்கு எதாவது முட்டு குடுங்கண்ணே" என்றேன்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்குதுங்க. ஒண்ணும் ஆவாது."

பக்கத்தில் நின்ற செல்விக்கு அது கேட்டுவிட்டது. பக்கத்து செராமிக் சூளையில் கழித்துப்போட்டு, தெருவோரம் கிடந்த செங்கல் ஒன்றைத் தூக்கிவந்து, குனிந்து சக்கரத்துக்கடியில் வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் இதையேதாண்ணே சொன்னாரு" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

உங்கள் வாசல் சரிவில் நிற்கும் வண்டிக்கு இப்போது என்ன முட்டு? ஹேண்ட் பிரேக் என்று மட்டும் கமெண்ட் போடாதீர்கள்.