மழையில் மட்டும் நிற்கும் வைப்பர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் பழைய அம்பாசடரின் வைப்பர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் மெதுவாகும். பிறகு முனகும். பிறகு கண்ணாடியின் நடுவில், சரியாக என் கண்ணுக்கு நேரே, வந்து நின்றுகொள்ளும்.

வேறு நாளாக இருந்தால் ஓரமாக நிறுத்தி மழை விடும்வரை உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கும் செவ்வாயிலும் வெள்ளியிலும் அது முடியாது. குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா இருந்தவரை அவர் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் நமக்கென்று ஒரு நேரம் கொடுத்திருப்பார்கள். பிந்திப் போனால் பிந்திய அளவுக்கு நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதே மிஷினுக்கு அடுத்தவர் வெளியே காத்திருப்பார். ஆனால் குறைந்த நேரத்தின் கணக்கு அம்மாவின் உடம்பில் தெரியும். படுக்க முடியாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள்.

வேறு கார் எடுக்கச் சொல்லாதவர் கிடையாது. எடுத்துப் பார்த்தோம். சின்னக் கார்களில் அம்மாவுக்குக் குமட்டியது. அம்பாசடரின் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வீடு வந்துவிடலாம். அதனால் இந்தக் கார்தான். இந்தக் கார் என்றால் அதன் நோயும் சேர்த்துத்தான்.

முதல் தடவை நின்றபோது இரண்டு பக்கமும் வயல்தான், ஒதுங்க இடமில்லை. இறங்கி, துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடியும் எதிரே வெறும் தண்ணீர். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது.

"புகையில இருந்தா கண்ணாடியில தேய்ச்சிருக்கலாம். தண்ணி நிக்காம ஓடிடும். ஒங்கப்பா அப்படித்தான் செய்வார்" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"எங்க இருக்கு புகையில?"

"அதான் டாக்டரும் நீயுமா சேந்து என்னை விட வச்சிட்டீங்களே."

நான் படித்தது எலக்ட்ரிகல். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு, கண்ட்ரோல் பேனல்களில் வரும் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. எந்தக் கோளாறாக இருந்தாலும் மனதுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொள்வேன். இதற்கும் போட்டேன். பியூஸ், சுவிட்ச், ஒயர் இணைப்பு, எர்த், கடைசியில் மோட்டார். மழையில் மட்டும் வரும் கோளாறு என்பதால், எங்கோ ஈரம் இறங்குகிறது, மின்சாரத்தில்தான் பிரச்சினை என்று முடிவு கட்டியிருந்தேன். பியூஸ் சரியாக இருந்தது. சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் துருவைச் சுரண்டி, புது போல்ட் போட்டு முறுக்கினேன். இணைப்புகளை எல்லாம் டேப் சுற்றி மூடினேன். ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவில், கையில் கிரீஸோடு, இதையெல்லாம் செய்தேன்.

காரை ஷெட்டிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தால் வைப்பர் ராஜா மாதிரி ஓடியது. குழாயைப் பிடித்துக் கண்ணாடியில் தண்ணீர் அடித்தேன். அப்போதும் ஓடியது. அடுத்த வெள்ளி, மழையில் பாதி வழி போனதும் நின்றது.

குடவாசலில் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அப்பாவின் காலத்திலிருந்தே இந்தக் காரைத் தெரிந்தவர். அவர் ஷெட்டிலும் அது நன்றாகத்தான் ஓடியது.

"இங்க நல்லா ஓடுதேம்மா" என்றார்.

"மழையில நிக்குதுங்க."

"மழைக்கு நான் எங்கம்மா போறது? மோட்டார் வீக்காயிருக்கும். மாத்திப் பாருங்க."

மாற்றினோம். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து ஒரு மோட்டாரை அவரே தேடிக்கொண்டு வந்தார். அடுத்த செவ்வாய் அதுவும் சூடேறி நின்றது. அன்று பேய்மழை. லாரி ஒன்றின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் கணிசமாகப் போயிருந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா அன்று தூங்கவில்லை. நானும்தான். என் வரிசையில் இருந்த எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. கோபம்கூட வரவில்லை; கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து அரளிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காருக்குப் பூ வைக்காமல் கிளம்ப மாட்டாள். அப்பா கார் வாங்கிய நாளிலிருந்து அது வழக்கம். பக்கத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது.

"ஊருக்கே மழை பெய்யுது. இந்த நாருக்குக்கூடக் கிண்ணம் நெறைய தண்ணி. டாக்டர் சொன்னார்னு எனக்கு மட்டும் அளந்து குடுக்கறே" என்றாள்.

"நாரை எதுக்கும்மா ஊற வைக்கறே?"

"ஏன்டி, இதுகூடத் தெரியாதா? காஞ்ச நாரு கட்டுனா ஒடியும். ஊறுனா உப்பிக்கிட்டு, நல்லாப் பிடிக்கும்."

கட்டிய சரத்தை அம்மா எங்கே கட்டுவாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பானெட்டுக்கு மேலே, வைப்பர் கையின் அடியில். பூ வாடியதும் பிய்த்து எறிந்துவிடுவாள். முடிச்சு?

ஷெட்டுக்குப் போய் வைப்பர் கை இரண்டையும் கழற்றினேன். கைக்கு அடியில், பாடியிலிருந்து வெளியே வரும் தண்டைச் சுற்றி, மட்டை மாதிரி இறுகி, கறுத்து ஒரு வளையம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. நார், அதன் மேல் நார், நடுவில் மக்கிப்போன பூ, கொஞ்சம் குங்குமம். எத்தனை வெள்ளிக்கிழமையோ. காய்ந்திருக்கும்போது தண்டு அதற்குள் சுற்ற இடம் இருந்தது. மழையில் ஊறினால் உப்பிக்கொண்டு பிடித்துவிடும். அன்று ஷெட்டில், நார் ஊறும் அளவுக்கு நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

எடுத்ததைச் செய்தித்தாளில் வைத்து அப்படியே மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் சொல்லாவிட்டால் காலையில் அவள் அங்கேயேதான் கட்டுவாள். நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்றுதான் கட்டுகிறாள்.

கூடத்துக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் பிரித்தேன்.

குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு நாரை நிமிண்டினாள். "இது நான் போடற முடிச்சுல்ல?"

"ஆமாம்மா. வைப்பர் தண்டுல இருந்துச்சு. மழையில ஊறி அதைப் பிடிச்சுக்குது."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப இத்தன நாளா நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேனா?"

"நீ எங்க நிறுத்துன? நாருதான்."

"சமாளிக்காதடி." பாதி கட்டியிருந்த சரத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "சரி, இதை எங்க கட்டறது? கண்ணாடிக்குள்ள தொங்கவிட்டா ரோடு மறைக்கும்பார் ஒங்கப்பா. ஒன் கழுத்துல கட்டிடவா? நீதான ஓட்டறே."

"முன்னாடி கிரில்லுல கட்டும்மா. அங்க எதுவும் சுத்தாது."

அவள் மீதிப் பூவைக் கட்டி முடித்தாள். நான் தண்டுக்கு எண்ணெய் விட்டு, கைகளை மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மழை குறைவில்லாமல் பெய்தது. கிரில்லில் அரளிச்சரம் நனைந்து தொங்க, வைப்பர் கீச்சிட்டுக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் நின்றுவிடுமோ என்று தோள் இறுகியது. நிற்கவில்லை. எங்கள் நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். அம்மாவுக்கு முழு நேரமும் கிடைத்தது. நான் காரில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்து, எதையும் படிக்காமல், தூங்கிப்போனேன்.

திரும்பும் வழியில் மழை விட்டுவிட்டது. அம்மா பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கரகரவென்று தேய்ந்தது.

"மழை விட்டு எவ்ளோ நேரமாச்சு. அதை நிறுத்தேன்டி" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் பிளேடு கெட்டுவிடும். எனக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்மா" என்றேன்.